ருக்குமணி கை

இருபது பீஸுக்கு ஒருமுறை ருக்குமணி இரண்டு நொடி சும்மா இருப்பாள். அந்த இரண்டு நொடி எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஐ.இ., அதாவது தொழிற்பொறியாளர். ஒரு டீசர்ட் தைக்க எத்தனை நொடி ஆக வேண்டும், எத்தனை நொடி ஆகிறது, நடுவில் காணாமல் போன நொடிகளை யார் தின்றது என்று கண்டுபிடிப்பது என் வேலை. கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். என்னைக் கண்டால் தையல் மேசைகளில் பேச்சு நின்றுவிடும். பாத்ரூமுக்குப் போகிறவர்கள் நடையை எட்டிப் போடுவார்கள். ஐந்து வருடத்தில் இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. எதையாவது நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளுக்குச் சம்பளமும் கொடுத்து நோண்டச் சொல்கிறார்கள் என்றால் விடுவேனா?

முதலாளி நாச்சிமுத்துவுக்கு அறுபத்தோரு வயது. சேர்ந்த அன்றே என்னை உட்கார வைத்து அவருடைய பத்து வருடத் திட்டத்தைச் சொன்னார்.

"ஆர்டர் வரும், போகும் அம்மிணி. நூல் வெல நம்ம சொன்னபடி கேக்காது. புது மிஷினு வாங்கினா அடுத்த மாசமே பக்கத்துக் கம்பெனிக்காரனும் வாங்கிப்போடறான். அதே ஆளு, அதே ஒரு மணி நேரத்துல, போன வருசத்தவிட கொஞ்சம் சேத்திச் செய்யோணும். வருசா வருசம் செய்யோணும். அதுதானுங்க நெலைக்கற வளர்ச்சி."

அவர் ஒரு வரைபடத்தையும் காட்டினார். எட்டு வருடக் கணக்கு. கம்பெனியில் இருந்த பத்து லைன்களில் ஒன்பது அப்படியே படுத்துக் கிடந்தன. மூன்றாவது லைன் மட்டும் வருடத்துக்கு நான்கு சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த லைனில் கழுத்துப் பட்டி வைக்கிறவள் ருக்குமணி. மற்றவர்கள் ஒரு ஷிப்டில் எண்ணூறு கழுத்து முடித்தால் அவள் ஆயிரத்து நூறு முடிப்பாள். அவளைப் பார்த்துப் பார்த்து அந்த லைனே வேகம் பிடித்திருந்தது.

"இந்தக் கை நானூறு பேருக்கும் இருந்தா?" என்றார் முதலாளி. அவர் அதைக் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. பேராசைக்காரர் மாதிரி இல்லை, புது விளையாட்டைக் கண்ட குழந்தை மாதிரி கேட்டார்.

அதற்கு வழியும் ஒன்று வந்தது. பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினியர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே வெங்காயத் தோல் கனத்தில் இரண்டு கையுறைகள். அதன் இழைகளில் மயிரளவு கம்பிகள் ஓடின.

"ஒரு உறை கையோட அசைவைப் பதிவு செய்யும். இன்னொரு உறை அதே அசைவை வேற ஒருத்தர் கைக்குக் கொடுக்கும்," என்றார். "சின்ன மின்சாரம்தான். தசையைத் தொட்டு, இப்படி மடக்கு, இப்படித் தள்ளுன்னு சொல்லும். பழக அரைநாள் ஆகும். அப்புறம் கை தானா ஓடும்."

ருக்குமணி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. "என்ற கைய நீங்க எடுத்துட்டுப் போயிட்டா எனக்கு என்னத்த வெப்பீங்க?"

"நகல்தான் எடுப்போம்மா. உங்க கை உங்ககிட்டயேதான் இருக்கும்."

மூன்று வாரம் பதிவு செய்தார்கள். பதிவில்தான் அந்த இரண்டு நொடி தெரிந்தது. இருபது பீஸுக்கு ஒருமுறை கை நிற்கிறது, தலை இடதுபக்கம் திரும்புகிறது, மறுபடி தையல் ஓடுகிறது. என்னவென்று ருக்குமணியைக் கேட்டேன்.

"கழுத்து வலிக்குமுங்க மேடம். திருப்பிக்குவேன்," என்றாள்.

நான் அவளுக்கு நல்ல நாற்காலி ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கடிதம் எழுதினேன். இன்ஜினியர் அந்த இரண்டு நொடியைப் பதிவிலிருந்து வெட்டி எறிந்தார். எங்கள் இருவருக்கும் அன்று பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி.

நானூறு பேருக்கும் உறை வந்தது. அவரவர் வேலைக்கு அதில் கெட்டிக்காரியின் பதிவு இருந்தாலும், கம்பெனியில் அதற்கு ஒரே பெயர்தான். "என்னக்கா, ருக்குமணி கை மாட்டியாச்சா?" என்று காலையில் கேட்டுக்கொள்வார்கள். முதல் வருடம் உற்பத்தி முப்பத்தெட்டு சதவீதம் ஏறியது. முதலாளி ருக்குமணிக்குச் சால்வை போர்த்திக் குத்துவிளக்கு கொடுத்தார். எல்லோருமே ஆயிரத்து நூறு தைக்கும்போது யாருக்குத் தனியாகக் கொடுப்பது என்று, அவள் வாங்கிவந்த ஊக்கத்தொகையை மட்டும் நிறுத்திவிட்டார்கள். ருக்குமணியும் மற்றவர்களைப் போலவே ஓர் உறையை மாட்டிக்கொண்டு தன்னுடைய பழைய கையோடு உட்கார்ந்தாள்.

ஒரே ஒருத்தியால் மட்டும் உறை போட முடியவில்லை. தங்கமாரி என்று பெயர். சாத்தூர்ப் பக்கத்துக்காரி, ருக்குமணிக்கு இடதுபக்க மேசை. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து, கட்டுப் போட்டவர் கோணலாகக் கட்டியதில், வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றுவிட்டன. உறை அவற்றை மடக்கப் பார்த்தது, விரல்கள் மடங்க மறுத்தன, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தாள். உறை இல்லாமல் அவள் தைத்தது அறுநூற்று நாற்பது. லைனிலேயே அவள்தான் கடைசி.

"இவரை நீக்கினால் லைனின் சராசரி கூடும்" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். கணக்குப்படி சரியான வரி. தங்கமாரி மிஷினைத் துடைத்து, துணியை நான்காக மடித்து வைத்துவிட்டு, என்னிடமும் "வரேன் மேடம்" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம்தான் விசித்திரம் ஆரம்பித்தது. இரண்டாம் வருடம் வளர்ச்சி பூஜ்யம். மூன்றாம் வருடமும் பூஜ்யம். மூன்றாவது லைன்கூடப் படுத்துவிட்டது. இதற்குள் பக்கத்துக் கம்பெனிகளும் உறை வாங்கி, அவரவர் கெட்டிக்காரிகளின் கையை நகல் எடுத்துவிட்டார்கள்.

"இது வளர்ச்சி இல்லீங் அம்மிணி," என்றார் முதலாளி. "ஒரே ஒரு படி ஏறி, அதுலயே சம்மணம் போட்டு உக்காந்த மாதிரி இருக்குது. அந்தக் கை எட்டு வருசம் வளந்துதே, இப்ப ஏன் வளர மாட்டேங்குது? எனக்கு அது தெரியோணும்."

எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. முதலில் ருக்குமணியிடம் போனேன்.

"வளரலீங்க. எப்படி வளரும்?" என்றாள். "புதுசா ஏதாச்சும் செஞ்சு பாக்கலாம்னு கைய அந்தப் பக்கம் கொண்டு போனா, உறை இந்தப் பக்கம் இழுக்குது. என்ற கையே என்னைய இழுக்குதுங்க மேடம். மூணு வருசத்துக்கு முந்தின கை."

இது பாதி விடைதான். உறை வருவதற்கு முன் புதிதாகச் செய்துபார்க்க அவளுக்கு எங்கிருந்து தோன்றியது? வெளிநாட்டு வாங்குபவர்களுக்குக் காட்டுவதற்காகக் கம்பெனி பழைய கேமராப் பதிவுகளையெல்லாம் சேமித்து வைத்திருந்தது. ஒரு வாரம், தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, உட்கார்ந்து மூன்றாவது லைனைப் பார்த்தேன். இருபது பீஸ், இரண்டு நொடி, தலை இடதுபக்கம். எட்டு வருடம் முழுக்க இடதுபக்கம்தான். கழுத்து வலிக்கிற யாரும் ஒரே பக்கமாகவா எட்டு வருடம் திரும்புவார்கள்? இதைக் கூட யோசிக்காத நான் ஒரு பொறியாளர்!

அப்புறம்தான் ருக்குமணியை விட்டுவிட்டு இடதுபக்க மேசையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

தங்கமாரியால் இரண்டு விரலால் துணியின் ஓரத்தைப் பிடித்துச் சரிபார்க்க முடியாது. ஒருநாள் அவள் உடைந்த பிளாஸ்டிக் வளையல் ஒன்றில் துண்டு எடுத்து மேசையில் டேப் போட்டு ஒட்டுகிறாள். துணி வளையலில் முட்டி நேராகப் போகிறது. விரலுக்கு வேலையே இல்லை. பத்து நாள் கழித்து ருக்குமணி மேசையிலும் ஒரு வளையல் துண்டு. தங்கமாரிக்குப் பீஸை எடுத்துத் திருப்ப வராது. அதனால் அடுக்கைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறாள், திருப்ப வேண்டிய தேவையே போய்விடுகிறது. மூன்று வாரத்தில் ருக்குமணியின் அடுக்கும் தலைகீழ். கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் தங்கமாரி நூலை அறுக்கப் பழைய பிளேடு ஒன்றை மிஷினின் பக்கவாட்டில் கட்டிவைக்கிறாள். அந்த மாதம் லைன் முழுக்க பிளேடு.

தங்கமாரி கண்டுபிடித்தாள். ருக்குமணி அதை வேகமாகச் செய்தாள். நாங்கள் வேகத்தை நகல் எடுத்துக்கொண்டு, கண்டுபிடித்தவளை வெளியே அனுப்பியிருந்தோம். அனுப்பியது நான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூடவே, பொய் சொல்லக் கூடாது, மூன்று வருடப் புதிர் அவிழ்ந்த சந்தோஷமும் இருந்தது.

டீ இடைவேளையில் ருக்குமணியைப் பிடித்தேன். "கழுத்து வலின்னு ஏன் பொய் சொன்ன?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பக்கத்து மேசையப் பாத்துச் செய்யறேன்னு சொன்னா, காப்பியடிக்கறேன்னு சொல்லுவீங்க. எனக்கு வெக்கமா இருந்துதுங்க. நீங்களும் கைய மட்டுந்தான கேட்டீங்க?"

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? புதுசா ஏதாச்சும் செஞ்சா, பாரு புள்ளனு மிஷின ரெண்டு தட்டுத் தட்டுவா. அவ போனதுக்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே மனசு வரலீங்க."

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அப்ப அந்த ரெண்டு வெரலு மடங்காததுனாலதான் இத்தனையும்! கை நல்லாருக்கறவன் கஷ்டத்தத் தாங்கிட்டுச் செஞ்சுருவான். கை வராதவனுக்குத்தான் வேற வழி தேட வேண்டியிருக்குது. அட, அட! உடனே கூட்டிட்டு வாங்க அம்மிணி. ரெட்டைச் சம்பளம் குடுக்கலாம். தனி ரூமு, தனி மிஷினு. உறையே வேண்டாம். அது பாட்டுக்குத் தைக்கட்டும், நம்ம படம் புடிச்சுக்கலாம்."

விசாரித்தபோது தங்கமாரிக்கு அடுத்த வாரம் விரலில் அறுவை சிகிச்சை என்று தெரிந்தது. கோணல் எலும்பைச் சரிசெய்து விரலை மடங்க வைக்கிற சிகிச்சை இப்போது சுலபமாகிவிட்டிருந்தது. இதைச் சொன்னதும் முதலாளியின் முகம் மாறியது.

"வெரலு சரியாப் போயிட்டா அதுவும் நானூத்தி ஒண்ணாவது ஆளுதானுங்களே? அஞ்சு வருசம் தள்ளிப்போடச் சொல்லுங்க. அதுக்கப்புறம் ஆப்பரேசன் செலவு நம்மளுது. ஒப்பந்தத்துல எழுதிக் கொண்டு போங்க."

"ஒப்பந்தக் காலத்தில் வலது கைக்கு எந்தச் சிகிச்சையும் எடுத்துக்கொள்வதில்லை" என்ற வரியை நான்தான் டைப் செய்தேன். சட்டப்படி செல்லுமா என்றுதான் யோசித்தேனே தவிர, வேறெதுவும் அப்போது உறைக்கவில்லை.

தங்கமாரி வீரபாண்டிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தாள். வாசலில் மிஷினைப் போட்டு நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். மிதிகட்டையில் கயிறு, மேசையில் தேங்காய்ச் சிரட்டை ஒன்று, பாபினுக்குப் பக்கத்தில் சோடா மூடி என்று என்னென்னவோ இருந்தன. ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு காகிதத்தைக் கொடுத்தேன். அவள் நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தாள்.

"ரெட்டைச் சம்பளம்னு போட்டிருக்கீக. நல்லாத்தான் இருக்கு. இந்த ஏழாவது வரி என்னத்துக்கு மேடம்?"

சொன்னேன். வளையல், அடுக்கு, பிளேடு, ருக்குமணி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதையெல்லாம் படம் புடிச்சு வச்சிருந்தீகளா? நான் வேலையில இருந்தப்ப யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே."

"தப்புதான். அதுக்காகத்தான் வந்திருக்கேன்."

"கோவிச்சுக்காதீக. என்னால முடியாது." அவள் வலது கையை எனக்கு முன்னால் நீட்டினாள். "இருபத்தாறு வருசமா ஜாக்கெட் கொக்கிய இடது கையாலதான் மாட்டுதேன். ஒரு இட்லியப் பிச்சு ஒழுங்கா வாயில வைக்க முடியல. நீங்க கண்டுபிடிப்புன்னு சொல்றதெல்லாம் எனக்கு வேற வழியில்லாம செஞ்சது. ஒவ்வொண்ணுக்கும் எத்தனை நாள் அழுதிருப்பேன்னு உங்க படத்துல தெரிஞ்சுதா?"

காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன். கஷ்டம் எனக்கு மட்டுமா? நானூறு பேர் உக்காந்திருக்காக. ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்குக் கண்ணு, ஒருத்திக்குக் கால் எட்டாது. ஆளாளுக்கு ஏதோ ஒரு வழி வச்சிருப்பாக. ருக்கு என் பக்கம் திரும்பிப் பாத்தா, அதனால தெரிஞ்சுது. அந்த உறையக் கழட்டிட்டு எல்லாரையும் அக்கம்பக்கம் பாக்க விடுங்க. என் விரலு எதுக்கு உங்களுக்கு?"

திரும்பும் வழியெல்லாம் அதே வார்த்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. எவ்வளவு எளிய விடை! முதலாளியிடம் மூச்சு விடாமல் சொன்னேன். தினமும் ஒரு மணி நேரம் உறையைக் கழற்றிவிடலாம், பக்கத்து மேசையைப் பார்க்கலாம், பேசலாம், நான் சும்மா குறிப்பெடுக்கிறேன் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கால்குலேட்டரைத் தட்டினார்.

"நானூறு பேருக்கு நானூறு மணி நேரம் அம்மிணி. தெனமும். அதுக்கு ஒரு ஆளு ரெட்டைச் சம்பளத்துல வந்தாப் போதுமுங்களே. அந்தப் புள்ள நல்லாகட்டும் பாவம், ஆப்பரேசனுக்குக்கூட நம்ம ஏதாச்சும் குடுத்து உடலாம். கை வராதவங்க ஊருக்குள்ள வேற ஆளே இல்லீங்களா? ஒரு வெளம்பரம் போடுங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் அன்றே வேலையை விட்டிருப்பேன். கை சரியில்லை என்பதற்காகவே எல்லா இடத்திலும் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு, அதே காரணத்துக்காக வேலையும் மரியாதையும் கிடைக்குமே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆகவே விளம்பரத்தை நானே எழுதினேன். 'விரல் அல்லது கையில் குறைபாடுள்ள, அனுபவமிக்க தையல் தொழிலாளர்கள் தேவை. இரட்டைச் சம்பளம். ஐந்து வருட உறுதி.' கம்பெனி கேட்டிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினார்கள். விண்ணப்பப் படிவத்தையும் நானே தயாரித்தேன். என் புத்தி எங்கே போகும்? எதையும் விடாமல் கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தேன்.

தங்கமாரிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதத்தில் விரல் மடங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதாகப் போனில் சொன்னாள். குரலில் அப்படி ஒரு துள்ளல். எனக்கும் நிறைவாக இருந்தது.

சனிக்கிழமை காலை நேர்காணல். பதினோரு பேர் வந்திருந்தார்கள். போலியோவில் கை சூம்பிய பெரியவர் ஒருவர், பிறவியிலேயே மூன்று விரல் உள்ள ஒரு பெண், பவர்லூமில் கட்டைவிரலை இழந்தவர். ஒவ்வொருவரும் ஒரு பீஸைத் தைத்துக் காட்டினார்கள். ஒவ்வொருவரிடமும் நான் கனவிலும் நினைக்காத ஏதோ ஒரு வழி இருந்தது. மூன்று விரல் பெண் துணியை முகவாயால் அமுக்கிக்கொண்டு இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டபோது நான் வாய்விட்டு "ஆஹா" என்றேன். சிறுபிள்ளை மாதிரி அடுத்து யார், அடுத்து யார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பதினோராவதாக உள்ளே வந்தது ருக்குமணி.

கம்பெனி சீருடையிலேயே வந்திருந்தாள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. கட்டு சுத்தமாக, வெள்ளையாக இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து படிவத்தை இடது கையால் நீட்டினாள்.

"என்ன ருக்குமணி இது?"

"ஓவர்லாக் மிஷினுல வெரலு மாட்டிக்கிச்சுங்க மேடம். நரம்பு போயிருச்சு, இனி மடங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு இந்த வேல குடுப்பீங்களா?"

நான் படிவத்தை வாங்கினேன். இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. பெயர், வயது, அனுபவம் எல்லாம் சரியாக நிரப்பியிருந்தாள். 'குறைபாடு ஏற்பட்ட நாள்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். அதில் அவள் செவ்வாய்க்கிழமையின் தேதியைப் போட்டிருந்தாள்.

நாங்கள் விளம்பரம் ஒட்டியது திங்கட்கிழமை.